ரூட்டுக்கு எந்த ஷெல்

ஏழாவது கட்டத்துக்கு மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள், மூன்றே வரி, எட்டாவது கட்டத்துக்கு அரைப் பக்கம். எந்தக் கேள்விக்கு எவ்வளவு இடம் விடுகிறான் என்பதை வைத்தே படிவம் தயாரித்தவன் மண்டைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மேலே ஆங்கிலத்தில் ஒரு தரம் கேட்டுவிட்டுக் கீழே தமிழில் இன்னொரு தரம் கேட்கிறார்கள்: 'ரூட் பயனர் கணக்கின் இயல்பிருப்பு ஓடு யாது? தெரிவுக்கான காரணம்? முன்நிகழ்வு ஏதேனும் உளதா?' ஷெல்லை ஓடு என்று பெயர்த்த புண்ணியவான் நத்தையை நினைத்தானா, மழைக்கு ஒழுகும் தன் வீட்டுக் கூரையை நினைத்தானா, பிச்சைப் பாத்திரத்தை நினைத்தானா, யார் கண்டது. 'உளதா' வேறு. கணினிப் பாதுகாப்புத் தணிக்கையில் வந்து 'உளதா' என்று கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது? உளது ஐயா, உளது. அதுதான் சங்கடம். அதை எழுதினால் மூன்று வரி போதாது. எழுதாவிட்டால் ஒரே வார்த்தை போதும், 'இல்லை'. கீழே தணிகாசலம், முதுநிலை நிரலர், கணினிப் பிரிவு என்று ஒரு கையெழுத்து, முடிந்தது. மணி இரண்டு நாற்பது. தணிக்கைக்கு வந்திருக்கும் ரெஹானா மேடம் நாலரைக்குச் சென்னைக்குக் கிளம்புகிறார், போவதற்குள் படிவம் அவர் கையில் இருக்க வேண்டும். மூன்று நாளாக எங்கள் கூட்டுறவு சர்க்கரை ஆலையின் கணினி அறையைக் குடைந்துகொண்டிருக்கிறார். விவரம் தெரிந்த பெண். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேனாவை அசைக்காமல் பிடித்திருக்கிறார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முன்னால் வந்த தணிக்கையாளர்கள் எல்லாம் ஏசிக்காக வந்தவர்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சர்வரைக் கும்பிடாத குறையாக ஒரு பார்வை பார்த்து, கேன்டீன் டீயைக் குடித்து, எல்லாம் முறைப்படி உள்ளது என்று எழுதிவிட்டு, வாசலில் செருப்பு இருக்கிறதா என்று மட்டும் உண்மையாகத் தணிக்கை செய்துவிட்டுப் போனார்கள். அவர்களை நான் ஒரு நாளும் மதித்ததில்லை. இன்றைக்கு ஒருவன் வந்திருந்தால் மாலை போட்டிருப்பேன்.

ஷெல் என்றால் என்ன என்று போன மேலாண்மை இயக்குநர் ஒருமுறை கேட்டார். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் மாதிரி சார், என்றேன். நாம் சொல்வதை உள்ளே புரிகிற பாஷையில் எழுதி அனுப்புவார், உள்ளே சொல்வதை நம்மிடம் வந்து சொல்வார். ரூட் என்பது அந்த ஆபீசில் எதையும் செய்யலாம், எந்தக் கோப்பையும் கொளுத்தலாம் என்று அதிகாரம் உள்ள ஆள். அந்த ஆளுக்கு எந்த எழுத்தரை வைப்பது என்பதுதான் கேள்வி. அவர் யோசித்துவிட்டு, 'யாராவது ஒருத்தர் அங்க இருந்தா சரி' என்றார். வேளாண்மைத் துறையிலிருந்து வந்தவர், மவுஸை டிவி ரிமோட் மாதிரி நீட்டிப் பிடிப்பவர், முப்பது வருடத்தில் இந்த விஷயத்தைப் பற்றி நான் கேட்ட ஒரே அறிவுள்ள வாக்கியத்தைத் தெரியாமல் சொல்லிவிட்டுப் போனார். சரி, யாரை வைப்பது? பாஷ் இருக்கிறது. எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு சிபாரிசு கிடையாது, கிரகப்பிரவேசத்தில் கொடுக்கும் எவர்சில்வர் டப்பா மாதிரி, நல்லதா கெட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை, வீட்டில் எட்டு இருக்கும். சி ஷெல் இருக்கிறது. அதில் நிரல் எழுதுகிறவன் பாலத்தைக் கட்டிவிட்டு அப்புறம் ஆற்றைத் தேடுகிறவன். கார்ன் ஷெல்லுக்குப் பெரிய மனிதத் தோரணை. அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் ஓய்வு பெற்றவர்கள், அல்லது ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர்கள். இஸட் ஷெல்காரர்களுக்கு வேலையைவிட வாசல் அலங்காரம் முக்கியம், கட்டளை தட்டும் இடத்தில் மணி என்ன, எந்தக் கிளை, பேட்டரி எவ்வளவு, எல்லாம் வண்ண வண்ணமாக மின்னும், கல்யாண மண்டபத்துக்கு சீரியல் பல்பு போட்ட மாதிரி. உள்ளே போனால் சோறு இருக்காது. புது சர்வரைக் கொண்டுவந்து இறக்கிய கம்பெனிக்காரர் அதற்கும் ஒரு படி மேலே போய் ரூட்டுக்கு ஃபிஷ் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நாம் பாதி தட்டும்போதே மீதியைச் சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டும் பிராணி அது. எனக்கு ஒரு மைத்துனன் உண்டு, நான் ஆரம்பிக்கும் வாக்கியத்தை எல்லாம் அவன்தான் முடிப்பான், ஒரு தடவைகூடச் சரியாக முடித்ததில்லை, இருபத்தெட்டு வருடமாக அவனைச் சகித்துக்கொண்டது போதாதா? கடைசியில் சாதா எஸ்ஹெச். பழையது, சின்னது, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. மேல் அம்பை அழுத்தினால் முன்பு தட்டிய கட்டளை திரும்பி வராது, ஏதோ கிறுக்கல் வரும். மேல் அம்பு. எந்தப் பக்கம் போனாலும் மனசு இங்கேதான் வந்து இடித்துக்கொள்கிறது, இருட்டில் கட்டில் கால் மாதிரி.

எட்டாவது கட்டத்தைப் பார்ப்போம், அது சுலபம் என்று நினைத்தேன், அது இன்னும் மோசம். 'பிற ஆலைகள் பின்பற்றத்தக்க நடைமுறைகள்.' சர்வர் அறைச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது: ரூட் கடவுச்சொல் இடும்போது இருவர் இருக்க வேண்டும், ஒருவர் இட, ஒருவர் பார்க்க. பக்கத்தில் சணலில் கட்டிய பேரேடு. தேதி, நேரம், இட்டவர், பார்த்தவர், எத்தனை முறை. பன்னிரண்டு வருடமாக இந்த ஆலையில் ஒருவன் ரூட்டாக நுழைய வேண்டுமானால் பக்கத்தில் இன்னொருவர் அத்தை மாதிரி நிற்க வேண்டும். நேற்று ரெஹானா மேடம் அந்தப் பலகையின் முன்னால் நின்று, நான் மூன்று நாளில் பார்த்த முதல் சிரிப்பைச் சிரித்தார். 'சார், இது பிரமாதமான பிராக்டிஸ். எல்லா ஆலைக்கும் சிபாரிசு பண்ணப் போறேன். எப்படி ஆரம்பிச்சதுன்னு எழுதிக் கொடுங்க. எந்த தேதி, என்ன ஆச்சு, யாரு.' யாரு என்பது எதற்கு என்று கேட்டேன். 'பேர் இல்லாட்டி கதை மாதிரி இருக்கும் சார். வெளிய போகாது. எம்.டி.க்குப் போகும், நாளைக்குக் கமிட்டியில வைப்பாங்க.' நாளைக்குக் கமிட்டி. நாளைக் காலை பத்தரைக்கு அதே கமிட்டியில்தான் ஊழியர் வருகைக் கணக்கைப் பார்க்கும் நேர அலுவலகத்தின் கண்காணிப்பாளர் பதவிக்கு இரண்டு பெயர் வருகிறது. ஒன்று கிடங்கிலிருந்து ஒருவர், பத்து வருடச் சேவையில் ஒரு மெமோகூட வாங்காதவர், வாங்கும் அளவுக்கு எதையும் செய்யாதவர். இன்னொன்று இப்போது அந்த அலுவலகத்திலேயே இருக்கும் அம்சவேணி. அம்சவேணியின் பணிப்பதிவேட்டில் ஒரே ஒரு மெமோ. ரூட் கடவுச்சொல்லை மறந்து, பத்தொன்பது முறை தவறாக இட்டு, சர்வரைப் பூட்டி, ஆலையை எட்டு மணி நேரம் நிறுத்தியது. அதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். பழைய விஷயம், பார்த்துக்கலாம் என்று எம்.டி.யே சொல்லியிருக்கிறாராம். இப்போது நான் எட்டாவது கட்டத்தில் அதை நல்ல தமிழில் புதிதாக எழுதி, முன்மாதிரி நடைமுறை என்று பார்டர் கட்டி, அம்மணியின் பெயரோடு கமிட்டி மேசையில் வைக்க வேண்டும். அவர் கடவுச்சொல்லை மறக்கவில்லை. சரியாகத்தான் இட்டார். பத்தொன்பது முறையும் சரியாக இட்டார். இது இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும், அவரையும் சேர்த்தால் இரண்டு பேர், அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை என்பதால் அவரை நான் சேர்க்காமலே பழகிவிட்டேன்.

டிசம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை, அரவை தொடங்கி மூன்றாவது வாரம். எந்த விவசாயி எந்த நாளில் கரும்பு வெட்டி வண்டி கொண்டுவர வேண்டும் என்கிற வெட்டு உத்தரவு பழைய சர்வரிலிருந்துதான் அச்சாகும், எடைமேடையும் அதோடு சேர்ந்தது. காலையில் கரண்ட் போய், யூ.பி.எஸ். பேட்டரி தன் பங்குக்குக் கைவிரித்து, சர்வர் விழுந்து எழுந்தது. எழும்போது இரண்டாவது டிஸ்க் எழவில்லை. அப்படியானால் இயந்திரம் பாதியில் நின்று, ரூட் கடவுச்சொல்லைக் கொடு, நீயே வந்து சரிபண்ணு என்று கேட்கும். கேட்டது. அப்போது கணினி ஆபரேட்டராக இருந்த அம்சவேணி, பெட்டகத்திலிருந்து உறையை எடுத்துப் பிரித்து, பார்த்துப் பார்த்து இட்டார். நான் சிதம்பரத்தில், மனைவியின் சித்தப்பா பெண் கல்யாணத்தில், காலைப் பந்தியில். போன் வந்தது. 'சார், பாஸ்வேர்ட் போட்டா எடுத்துக்குது சார், ஆனா நோ ஷெல்னு ஏதோ சொல்லிட்டு மறுபடியும் பாஸ்வேர்டே கேக்குது.' ஒவ்வொரு எழுத்தாகக்கூடப் படித்துக் காட்டினார். சாம்பார் வாளி என் இலையைத் தாண்டிப் போவதற்குள் எனக்கு முழுதாகப் புரிந்துவிட்டது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு மதியம் ரூட்டின் ஷெல்லை நான் மாற்றியிருந்தேன். அந்தப் பழைய இயந்திரம் ரூட்டுக்கு எஸ்ஹெச்சை வைத்திருந்தது, முதல் டிஸ்கிலேயே, எது விழுந்தாலும் அது இருக்கும்படி, அதை அப்படி வைத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. எனக்கு மேல் அம்பு வேண்டியிருந்தது. தட்டியதையே மறுபடி தட்ட அலுப்பாக இருந்தது. மேல் அம்பு வேலை செய்யும் பாஷ் ஷெல்லை நிறுவினேன், அது இரண்டாவது டிஸ்கில் போய் உட்கார்ந்தது, கடவுச்சொல் கோப்பில் ரூட்டின் வரியில் கடைசி வார்த்தையை மட்டும் மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை, சொல்லிப் புரிகிறவர்கள் யாரும் இங்கே இருப்பதாக நான் நினைக்கவில்லை. இரண்டாவது டிஸ்க் எழாத காலையில், கடவுச்சொல் சரி, உள்ளே வா என்று கதவு திறந்து, மனு எழுத்தர் நாற்காலி காலி என்று மறுபடி சாத்திக்கொண்டது. இவ்வளவும் ஒரு வடையைப் பிய்க்கும் நேரத்தில் புரிந்தது. அப்புறம் நான் சொன்னேன்: 'தப்பா போட்டிருப்பீங்க. கேப்ஸ் லாக் பாருங்க. நிதானமா மறுபடி போடுங்க.' வாயில் கேசரி இருந்தது.

துல்லியமாகப் பார்ப்போம், துல்லியம் ஒன்றுதானே நமக்குத் தெரிந்த தொழில். ஷெல்லை மாற்றியது தவறா? சின்ன சொகுசு. பேட்டரியை மூன்று வருடமாக மாற்றாதது என் தவறு இல்லை, டிஸ்க் செத்தது என் தவறு இல்லை, கரண்ட் மின்வாரியத்துடையது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு வாக்கியம் மிஞ்சுகிறது, கேசரியோடு சொன்னது, அதை யார் கணக்கிலும் தள்ள முடியவில்லை. அதையும் தள்ளப் பார்த்திருக்கிறேன். பதற்றத்தில் சொன்னது என்று. பதற்றமே இல்லை. நான் இலையை மூடிவிட்டு, கை கழுவி, மொய் எழுதிவிட்டு, பஸ் ஏறினேன். வந்து சேரும்போது மணி இரண்டு. ரயில்வே கேட்வரை கரும்பு லாரி நின்றது, வெயிலில் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது, சிலர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்கள், சிலர் வாசலில் எங்கள் எல்லாருடைய தாயாரையும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கணினி அறையில் பதினைந்து பேர், நடுவில் அம்சவேணி, விரல்களை மடியில் மறைத்துக்கொண்டு. எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். சிடியைப் போட்டு இயந்திரத்தை எழுப்பி, அந்த ஒரு வரியைப் பழையபடி திருத்தி, கோப்பைத் திருத்திய தேதியையும் பழையபடி மாற்றி, இரண்டாவது டிஸ்கைச் சோதித்து எழுப்பினேன். பதினொரு நிமிடம். எம்.டி. கேட்டார், என்ன ஆச்சு? தப்புத் தப்பா பாஸ்வேர்ட் போட்டதில் பூட்டிக்கிச்சு சார். அப்படி ஒரு பூட்டே அந்த இயந்திரத்தில் கிடையாது. கையில் உறையைப் பிரித்து வைத்திருந்தவரை, மறந்துவிட்டார் என்று மெமோவில் எழுதினார்கள், அதுவும் யாருக்கும் உறுத்தவில்லை. ஒருவராவது கையேட்டை எடுத்துப் பார்த்திருந்தால் நான் மாட்டியிருப்பேன், அலமாரியில் கண்ணெதிரே இருந்தது, தடிமனாக, நீல அட்டை. படிக்காத கூட்டம். அவர்கள் படிக்காததால் தப்பித்தேன், படிக்காததற்காக அவர்களை இகழ்ந்தேன், இரண்டையும் ஒரே ஆளால் செய்ய முடிகிறது, எந்தச் சிரமமும் இல்லை. பலகையை எழுதித் தொங்கவிட்டதும் நானே. என் கையெழுத்து நன்றாக இருக்கும். இப்போதும் கேன்டீனில் புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறார்கள், தணிகாசலம் சார் பதினொரு நிமிஷத்துல எழுப்பினாரு. போன வருடக் கணக்குப்படி ஏழு நிமிடம். பஸ்ஸில் வந்தவனை ஜீப்பில் வரவைத்துவிட்டார்கள். மட்டமான கதைசொல்லிகள், நான் திருத்தியதில்லை. பதினான்கு மாதத்தில் ஓய்வு, சால்வை, நினைவுப் பரிசு, யாராவது மைக்கில் அந்த ஏழு நிமிடத்தை மூன்றாக்குவார். முன்நிகழ்வு: இல்லை. பேனா அந்த இடம்வரை போய் நிற்கிறது. எட்டாவதில் பெயர் இல்லாமல் 'ஓர் ஊழியர்' என்று எழுதலாம். யார் அந்த ஓர் ஊழியர் என்று கமிட்டியில் ஒருவருக்கும் தெரியாதா? பெயர் சொல்லாமல் சொல்வது இன்னும் நன்றாகக் கேட்கும்.

இதில் பெரிய வேடிக்கை, புது சர்வரில் இந்தக் கேள்விக்கே அர்த்தம் இல்லை. எல்லாம் ஒரே டிஸ்கில், எந்த ஷெல்லை வைத்தாலும் அங்கேயேதான் இருக்கும், ஃபிஷ்ஷைக்கூட விட்டுவைக்கலாம், ஆலை ஓடும். எஸ்ஹெச்தான் வைக்க வேண்டும் என்று எனக்கு இருக்கும் ஒரே காரணம் டிசம்பர் ஒன்பது. அதைச் சொல்லாமல் எஸ்ஹெச் என்று எழுதினால் ரெஹானா மேடம் பேனாவை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, 'ஏன் சார்?' என்பார். மூன்று இருபது. எதை எழுதினாலும் முதலில் அந்த மீனை இறக்க வேண்டும், அதற்கு ரூட்டாக நுழைய வேண்டும், நுழைய ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். என் பலகை, என் சட்டம். நேர அலுவலகத்துக்குப் போன் செய்து யாரையாவது அனுப்பச் சொன்னேன். ஷிப்ட் மாறும் நேரம், யாரும் இல்லை. 'நானே வரேன் சார்' என்றது அம்சவேணியின் குரல். பன்னிரண்டு வருடத்தில் இந்த அறைக்கு அவர் வந்ததில்லை, எப்போதும் வேறு யாரையாவது அனுப்புவார், அதை நான் நாகரிகம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றும் சத்தம். சேலை முனையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார், 'என்னா சார், ஐஸ் பெட்டி மாதிரியே வெச்சிருக்கீங்க இன்னும்' என்றார். பேரேட்டைத் தானே எடுத்துத் தேதி போட்டார். நான் தட்டினேன், அவர் பார்த்தார், ஒரே முறை. 'ஒண்ணு' என்று எழுதினார், எழுதிவிட்டு, 'உங்களுக்கு ஒண்ணுலயே போயிடுது' என்றார். குத்தலா, சும்மாவா? சும்மாதான். இல்லை. ரூட்டின் வரியைத் திறந்து கடைசி வார்த்தையை அழித்தேன். 'அது என்னா சார் மாத்துறீங்க?' பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம், டெக்னிக்கல் என்ற ஒரு வார்த்தையை இந்த ஆலையில் எத்தனை பேருடைய வாயை மூடப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் விளக்கம் கேட்டால் விளக்கிவிடுகிற வியாதி எனக்கு. பாஸ்வேர்ட் சரியாக இருந்தால் உள்ளே ஒரு ஆள் வந்து நம்மைக் கூட்டிக்கொண்டு போவார், அந்த ஆள் யார் என்று இங்கே எழுதியிருக்கும், என்றேன். அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். வெளியே அரவை ஓடுகிற அதிர்வு தரையில் கால் வழியாக ஏறியது. 'அந்த ஆளு அங்க இல்லேன்னா?' என்றார். இல்லேன்னா உள்ள விடாது. 'பாஸ்வேர்ட் சரியா போட்டாலுமா?' சரியா போட்டாலும். 'அப்ப அது என்னா சொல்லும்? பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லுமா, ஆளு இல்லன்னு சொல்லுமா?'

ஆள் இல்லை என்று சொல்லும். அதை நான் சொன்னேனா, நினைத்தேனா? சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் அவர், 'எனக்கும் அதான் சொல்லுச்சு, உங்களுக்குப் படிச்சுக் காட்டுனேன்' என்றார், ஏதோ கடைச் சாமான் சீட்டைச் சரிபார்க்கிற குரலில். அப்புறம் கேட்டார், 'அன்னிக்கு அந்த ஆளு எங்க இருந்தாரு?' இரண்டாவது டிஸ்கில். 'யாரு கொண்டுபோயி அங்க வெச்சது?' ஒரு வாக்கியம் தயாராக நாக்கில் இருந்தது, அந்தக் கால நிறுவல் முறை, கம்பெனிக்காரர்கள், பழைய இயந்திரம், மூன்றும் பொய்யில்லை என்று வாதிடலாம். நான், என்றேன். அவர் கத்துவார் என்று உடம்பு தயாரானது. கத்தவில்லை. 'எதுக்கு சார்?' என்றார், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும். நான் விசைப்பலகையில் மேல் அம்பைக் காட்டினேன், இதை அழுத்தினால் முன்னால் தட்டியது திரும்ப வரும், மறுபடி தட்ட வேண்டாம், அதற்காக. 'இதா?' என்று குனிந்து பார்த்தார். விரலை நீட்டி ஒரு தடவை அழுத்தினார். மீனை இறக்கி எஸ்ஹெச்சை ஓடவிட்டிருந்தேன், திரையில் கிறுக்கல் விழுந்தது. 'இதுக்கா' என்றார். நான் முப்பது வருடமாக இந்த ஆலையில் எத்தனையோ பேரை எத்தனையோ விதமாக இகழ்ந்திருக்கிறேன், மேற்கோளோடு, அடிக்குறிப்போடு, இவ்வளவு சுருக்கமாக ஒருவரையும் இகழ்ந்ததில்லை. மேசையில் படிவம் திறந்தே கிடந்தது. அவர் ஏழாவது கட்டத்தைப் படித்தார், எட்டாவதைப் படித்தார், 'யாரு' என்று ரெஹானா மேடம் பென்சிலால் எழுதிவைத்திருந்ததையும் படித்தார். 'எழுதுங்க சார். நாலரைக்குள்ள கேட்டாங்க இல்ல' என்றார், நாற்காலியில் உட்காராமல்.

எழுதினேன். எஸ்ஹெச். முன்நிகழ்வு: உண்டு. டிசம்பர் ஒன்பது, ரூட்டின் ஷெல் இரண்டாவது டிஸ்கில் இருந்ததாலும் அந்த டிஸ்க் எழாததாலும், சரியான கடவுச்சொல் பத்தொன்பது முறை இடப்பட்டும் சர்வர் திறக்கவில்லை. பார்க்கப் பார்க்க நன்றாக இருந்தது, தெளிவு, கச்சிதம், ஆள் யாருமே இல்லாத ஒரு விபத்து, ஏதோ புயல் வந்து ஷெல்லைத் தூக்கி இரண்டாவது டிஸ்கில் போட்டது போல. 'யாரு வெச்சதுன்னு இல்லியே' என்றார் தோளுக்குப் பின்னாலிருந்து. தணிகாசலம் ஆகிய நான் ஆகஸ்டு மாதம் மாற்றியிருந்தேன் என்று சேர்த்தேன். 'நான் போன்ல சொன்னது?' சேர்த்தேன். 'நீங்க சொன்னது?' சேர்த்தேன், கேசரி நீங்கலாக. பலகை எதனால் வந்தது என்பதை எட்டாவதில் எழுதினேன், பின்பற்றத்தக்கதா என்பதை ரெஹானா மேடமே முடிவு செய்யட்டும், இல்லாத ஒரு குற்றத்துக்காக எல்லா ஆலையிலும் ஆள் நிறுத்தி வேடிக்கை பார்க்கட்டும். மனசு லேசாகும் என்று சொல்வார்கள், அப்படி எதுவும் ஆகவில்லை, நாளைக்குக் காலை கேன்டீனில் எந்த மேசையில் உட்காருவது என்றுதான் ஓடியது, ஜன்னலோரம் வேண்டாம், டீ மாஸ்டர் பேசுவார், அறைக்கே ஃபிளாஸ்க்கில் வரவழைக்கலாம், அதையும் பேசுவார். கையெழுத்துப் போட்டேன். 'ரெண்டு காப்பி எடுங்க சார், ஒண்ணு எனக்கு. காலைல பத்தரைக்கு நானே கொண்டுபோயி குடுத்துடறேன்' என்றார். படிவத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் வைத்து, அது சூடாகும்வரை நின்றோம். அப்போது அவர் சொன்னார், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி: 'கேப்பிட்டல் கே, ஏழு, சின்ன எம், ஹேஷ், ரெண்டு, ரெண்டு, கேப்பிட்டல் டி, சின்ன பி, ஒம்போது.' எனக்கு முதலில் என்னவென்றே விளங்கவில்லை. 'அன்னிக்கு உறையில இருந்தது சார். அதானே?' அன்று சாயந்திரமே அதை நான் மாற்றிவிட்டேன், அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று எத்தனையோ போய்விட்டன. ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. இப்போது இவருக்கு ஒரு நல்லது செய்கிற பொய் அது, எவ்வளவு இயல்பாக வருகிறது. தெரியவில்லை அம்சவேணிம்மா, எனக்கு ஞாபகம் இல்லை, என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இயந்திரத்தின் மூடியைத் தூக்கி, படிவத்தை வெளியே எடுத்து, பேனாவோடு என் பக்கம் நகர்த்தினார். 'மெமோவுல, நான் பாஸ்வேர்டை மறந்துட்டேன்னு எழுதியிருக்கு' என்றார். 'மறந்தது யாருன்னு அதையும் ஒரு வரி சேத்துடுங்க சார்.' சேர்த்தேன்.